பிள்ளைகுட்டிக்காரர்களின் தைரியம்

"நான் பிள்ளைகுட்டிக்காரன், எனக்கெதுக்குங்க வம்பு?"

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில், டீக்கடை பெஞ்சில், ரேஷன் கடை வரிசையில், பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் முடிந்து வெளியே வரும் வாசலில், எந்த விவாதத்தையும் முடித்துவைக்க இந்த ஒரு வாக்கியம் போதும். இப்படிச் சொல்கிறவரை யாரும் கோழை என்று நினைப்பதில்லை. பொறுப்பானவர், நாலும் தெரிந்த குடும்பஸ்தர் என்றே மதிக்கிறோம். கல்யாணம் ஆகாத பையன் ஒருவன் எங்காவது தட்டிக் கேட்டால், "ஒரு கால்கட்டுப் போட்டா சரியாயிருவான்" என்கிறோம். அநியாயத்தைக் கண்டு பேசுவது வயசுக் கோளாறு, பேசாமல் தாண்டிப் போவது பக்குவம் என்று ஆகிவிட்டது. பிள்ளை பிறந்த வீட்டில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது ஏறக்குறைய ஊர் வழக்கமே.

இந்த வழக்கம் முழுக்க முழுக்கத் தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் அந்தப் பிள்ளைகளுக்கே நாம் செய்கிற பெரிய கேடு இது. நாம் பேசாமல் இருப்பதை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதிலிருந்து கற்றுக்கொள்ளவும் செய்கிறார்கள்.

மதுரைக்காரர்களிடம் போய்த் தைரியத்தைப் பற்றிப் பேசினால் கோபம் வரும். தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாகக் களம் காணும் ஊர் இது. வாடிவாசலைத் தாண்டிப் பாயும் காளையின் திமிலை வெறுங்கையால் பற்றித் தொங்குகிறவனின் துணிச்சலைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. அவன் உயிரையே வைத்து இறங்குகிறான். ஆனால் அவனுக்குப் பின்னால் ஊரே நிற்கிறது. ஒலிபெருக்கியில் அவன் பெயர் கேட்கிறது, ஜெயித்தால் பரிசு கிடைக்கிறது, தோற்றாலும் தோளில் தட்டிக்கொடுக்க ஆள் இருக்கிறது. அறம் சார்ந்த துணிவில் இதெல்லாம் கிடையாது. அந்தத் துணிவைக் காட்டுகிறவன் பின்னால் திரும்பிப் பார்த்தால் யாரும் நிற்க மாட்டார்கள், அவனுடைய சொந்த ஜனமே எதிரில் நிற்கும். பங்காளியிடம், மாமனாரிடம், மேலதிகாரியிடம், சொந்த சாதிக்காரரிடம், சொந்தக் கட்சிக்காரரிடம் "இது தப்பு" என்று சொல்லத்தான் அது வேண்டும். அடி விழும் என்ற பயத்தைவிட, நம்மை ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம் மனிதனை அதிகமாக ஆட்டிவைக்கிறது. காளைக்குப் பயப்படாத எத்தனையோ பேர் சாதிக் கூட்டத்தில் எழுந்து ஒரு வார்த்தை பேசப் பயப்படுகிறார்கள்.

குடும்பஸ்தன் இதற்குத் தகுதியற்றவன் என்ற வாதத்தை இந்த ஊரின் சரித்திரமே பொய்யாக்கியிருக்கிறது. ஆரப்பாளையத்திலிருந்து மீனாட்சியம்மன் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி அந்தக் கோயிலுக்குள் வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட ஐந்து தாழ்த்தப்பட்டவர்களையும் ஒரு நாடாரையும் அழைத்துக்கொண்டு நுழைந்தார். ஐயருக்கு அப்போது வயது 49. பெண்டாட்டி பிள்ளைகள், தொழில், ஊருக்குள் நல்ல பெயர் எல்லாம் இருந்தன. கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு தன் உத்தியோகத்தை வைத்துக்கொண்டே அவர்களுக்கு வழிவிட்டார். பட்டர்களில் ஒரு பகுதியினர் தீட்டு என்று சொல்லிப் பூசை செய்ய மறுத்தார்கள். சனாதனிகள் தமிழ்ச் சங்கம் சாலையில் தனியாக ஒரு மீனாட்சியை வைத்துக் கும்பிடும் அளவுக்குப் போனார்கள். ஐயரை அவருடைய சொந்தச் சமூகமே விலக்கி வைத்தது. கோயிலுக்குள் நுழைந்தவர்களுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டத்தை ராஜாஜியின் அரசு அதற்குப் பிறகுதான் கொண்டுவந்தது. உள்ளே நுழைந்த அன்று சட்டமும் துணையில்லை, சொந்தக்காரர்களும் துணையில்லை.

அவரோடு உள்ளே போன ஆறு பேரைப் பற்றி நாம் இன்னும் குறைவாகவே பேசுகிறோம். ஐயருக்கு நேர்ந்தது சாதி விலக்கு. அந்த ஆறு பேர் சாயங்காலம் திரும்பிப் போக வேண்டிய ஊர்களில் கிணறும் பாதையும் வேலையும் மற்றவர்கள் கையில் இருந்தன. மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கனுக்கு அப்போது 31 வயது. பிற்காலத்தில் அவர் மந்திரியானதை எல்லாரும் சொல்கிறார்கள். அன்றைக்கு அந்த வாசற்படியைத் தாண்டிய கால் மந்திரியின் கால் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"அது சுதந்திரப் போராட்டக் காலம், அந்தத் தலைமுறையே வேற" என்பார்கள். சரி, நம் கண்ணெதிரே நடந்ததற்கு வருவோம். 2020 ஜூன் மாதம் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அடித்துச் சித்திரவதை செய்யப்பட்டு, அடுத்தடுத்து இறந்தார்கள். பென்னிக்ஸ் அங்கே போனதே அப்பாவைக் கூட்டிப் போய்விட்டார்களே என்று கேட்கத்தான். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசனை விசாரிக்க அனுப்பியது. அந்த நிலையத்திலேயே, "உன்னால ஒன்னும் செய்ய முடியாது" என்கிற பாணியில் நடுவரையே இழிவாகப் பேசிய காவலர்களுக்கு நடுவில், ஒரு தலைமைக் காவலர் உண்மையைச் சொன்னார். அவர் பெயர் ரேவதி, இரண்டு பிள்ளைகளின் தாய். விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக் கறை இருக்கிறது, அதை அழித்துவிடக் கூடும் என்று அவர் சாட்சி சொன்னார். அந்த வழக்கின் விசாரணையும் மதுரை நீதிமன்றத்தில்தான் நடந்தது. அங்கேயும் வந்து சாட்சிக் கூண்டில் ஏறினார்.

நடுவரின் அறிக்கையில் என்னை நிறுத்தி வைத்த இடம் வேறு. ரேவதி பயந்துகொண்டே பேசினார். வெளியே சக காவலர்கள் நின்றிருந்தார்கள். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட முதலில் தயங்கினார். பாதுகாப்புக்கு உறுதி கொடுத்த பிறகே போட்டார். நம் சினிமா காட்டுகிற தைரியசாலிக்குப் பயமே கிடையாது. அதனால்தான் அந்தப் படங்களைப் பார்த்து வளர்கிற பிள்ளை, தன் வயிற்றில் பயம் புரளும்போது "நமக்கு இது ஆகாது, நாம அப்படிப்பட்ட ஆளு இல்ல" என்று முடிவு கட்டிக்கொள்கிறது. தைரியம் பிறவிக் குணம் என்ற நம்பிக்கை அங்கேதான் முளைக்கிறது. கை நடுங்க நடுங்கக் கையெழுத்துப் போட்ட ஒரு அம்மாவைப் பற்றிக் கேட்கிற பிள்ளைக்கு வேறொன்று தெரியவரும். பயந்தவர்களும் இதைச் செய்யலாம் என்று தெரியவரும்.

இனி, வீட்டுக்குள் வருகிறேன். "எனக்கெதுக்கு வம்பு" என்று சொல்லும்போது உயிருக்கே ஆபத்து என்பதுபோல் பேசுகிறோம். நாம் வாய்மூடி நிற்கும் நூறு சமயங்களில் தொண்ணூற்றைந்தில் அப்படி எந்த ஆபத்தும் இல்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சொந்தக்காரர்கள் கூடியிருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். வீட்டுப் பிள்ளை, ஏழெட்டு வயது, சமையல்கட்டுக்கு ஓடி எல்லாரும் குடிக்கிற எவர்சில்வர் டம்ளரிலேயே மொண்டுகொண்டு வருகிறது. நடுவழியில் பெரிய அத்தை அந்த டம்ளரை வாங்கி, தண்ணீரைப் பிளாஸ்டிக் சொம்பில் ஊற்றுகிறார். அந்தச் சொம்பு துவைக்கிற கல்லுக்கு மேலே, சுவர் மாடத்தில் தனியாக இருப்பது. யாரும் ஒன்றும் பேசவில்லை. பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்க்கிறது. அப்பா நல்லவர்தான், சாதி பார்க்கக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறவர். அந்த நேரம் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த அக்கா சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்.

அந்தப் பிள்ளை அன்றைக்குக் கற்றது ஒன்றல்ல. யாருக்கு எந்தப் பாத்திரம் என்று ஒரு பாடம். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை என்று ஒரு பாடம். ஏனென்றால் பிள்ளைகள் முகத்தைப் படிப்பதில் கெட்டி. பிடிக்காவிட்டாலும் குனிந்துகொள்ள வேண்டும் என்பதே கடைசிப் பாடம், அதுவே ஆழமாகப் பதிந்தது. "அத்தை, அந்த டம்ளர்லயே குடிக்கட்டும்" என்று அவர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார், சாப்பாட்டில் இரண்டு பேச்சு விழுந்திருக்கும், சாயங்காலத்துக்குள் சரியாகியிருக்கும். ஒரு அரைநாள் மனக்கசப்பைத் தவிர்க்கத்தான் அவர் தலையைக் குனிந்தார். கேட்டால் பிள்ளைகுட்டிக்காரன் என்பார். வீட்டு அத்தையிடம் பேசிப் பழகாத வாய், நாளைக்குப் பள்ளியிலோ அலுவலகத்திலோ மட்டும் எப்படித் திறக்கும்?

"சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்ற பேச்சுக்கும் ஆராய்ச்சி பதில் சொல்லியிருக்கிறது. 1970-இல் ஜேம்ஸ் பிரையன், நான்சி வால்பெக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். விளையாட்டில் ஜெயித்த பரிசில் ஒரு பங்கை ஏழைக் குழந்தைகளுக்காகப் போடலாம். முன்னால் விளையாடிக் காட்டியவர்களில் சிலர் கொடுத்தார்கள், சிலர் கொடுக்கவில்லை. சிலர் கொடுப்பது நல்லது என்று உபதேசம் செய்தார்கள், சிலர் செய்யவில்லை. பிள்ளைகளின் கையை அசைத்தது முன்னால் பார்த்த கைதான். உபதேசம் அவர்களைக் கொடுக்க வைக்கவில்லை. அது ஒட்டிக்கொண்டது அவர்களுடைய பேச்சில் மட்டும். சொல்லிவிட்டுச் செய்யாமல் இருப்பது எப்படி என்றும் பிள்ளைகள் நம்மிடமிருந்தே கற்கிறார்கள் என்பதுதான் இதன் பொருள்.

இதைப் படித்த பிறகு, "பள்ளியில் நீதிபோதனை வகுப்பை எடுத்துவிட்டார்கள், அதுதான் பிள்ளைகள் இப்படி" என்று புலம்புகிறவர்களை என்னால் பொறுமையாகக் கேட்க முடிவதில்லை. 2016-இல் மதுரைக் கிளையில் நீதிபதி ஆர். மகாதேவன், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 6 முதல் 12 வரையுள்ள வகுப்புகளில் கற்பிக்க உத்தரவிட்டார். நல்ல உத்தரவு, நான் அதை வரவேற்றேன், இப்போதும் வரவேற்கிறேன். ஆனால் பெற்றோர்கள் அதைத் தங்கள் கடமையைக் கழற்றி மாட்டுகிற ஆணியாக ஆக்கிக்கொண்டால் வள்ளுவரும் கைவிட்டுவிடுவார். ஒப்பித்தல் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு, போக்குவரத்துக் காவலர் கையில் நூறு ரூபாயைச் சுருட்டித் திணித்துவிட்டுப் போகிறோம். எந்த வகுப்பு அதை அழிக்கும்?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் 12-ஆம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவனை, அதே பள்ளியில் படித்த பையன்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தன்னைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னதுதான் அவன் செய்த குற்றம். தடுக்க ஓடி வந்த அவன் தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளக் கயிறுகளும் மோதிரங்களும் பள்ளியில் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அதற்கு வந்த எதிர்ப்பைக் கவனியுங்கள். பதினாறு வயதுப் பையன்கள் அறிக்கை விடவில்லை, பெரியவர்கள் விட்டார்கள். கயிற்றைக் கட்டிவிட்ட கைகள் யாருடையவை என்று அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தங்கை அந்தத் துணிவை எங்கே கற்றாள் என்று நான் அடிக்கடி யோசிக்கிறேன். எந்த நீதிபோதனை வகுப்பிலும் அரிவாளுக்குக் குறுக்கே போகச் சொல்லித் தருவதில்லை.

இரண்டாம் உலகப் போரில் யூதர்களைத் தங்கள் வீடுகளில் ஒளித்துக் காப்பாற்றிய சாதாரண மனிதர்களை சாமுவேல் ஒலினர், பேர்ல் ஒலினர் தம்பதியர் நூற்றுக்கணக்கில் தேடிப்போய்ப் பேட்டி கண்டார்கள். அந்தப் பேட்டிகள் 1988-இல் புத்தகமாக வந்தன. சாமுவேலே பன்னிரண்டு வயதில், குடும்பம் முழுவதையும் நாஜிகளுக்குப் பறிகொடுத்துவிட்டு, பால்வினா என்ற போலந்துக் குடியானவப் பெண்ணால் காப்பாற்றப்பட்டவர். பிடிபட்டால் தங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஆபத்து என்று தெரிந்தும் கதவைத் திறந்தவர்கள் எப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்தார்கள் என்று ஒலினர் தம்பதியர் கேட்டார்கள். அந்த வீடுகளில் அடி குறைவு, காரணம் சொல்லிப் புரியவைப்பது அதிகம். நம்மவர், அடுத்தவர் என்று பிரிக்காமல் எல்லாரிடமும் அக்கறை காட்டிய பெற்றோரை அவர்கள் நினைவுகூர்ந்தார்கள். நம் ஊரில் "அடியாத மாடு படியாது" என்று வளர்க்கிறோம். அப்படி வளர்ந்த பிள்ளை கம்பு வைத்திருப்பவனுக்குப் படியக் கற்றுக்கொள்கிறது. பிறகு எங்கே நிமிர்வது?

கம்பு என்றதும் எங்கள் புட்டுத்தோப்பு ஞாபகம் வருகிறது. ஆவணி மூலத் திருவிழாவில் மீனாட்சியும் சொக்கநாதரும் ஆரப்பாளையம் புட்டுத்தோப்புக்கு எழுந்தருள்வார்கள். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வருவார்கள். பிட்டுக்கு மண் சுமந்த லீலையைப் பார்க்கப் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறோம். வைகை உடைப்பெடுக்க, வந்திக் கிழவிக்காகக் கூலியாளாக வந்தவன் வேலை செய்யாமல் ஆடிப் பாட, பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும், கரையில் நின்ற அத்தனை பேர் முதுகிலும், கருவிலிருந்த சிசுவின் மேலும் விழுந்தது. கடவுளின் பெருமையைச் சொல்கிற கதை என்று கேட்டு வளர்ந்தோம், அது சரிதான். கூடவே எனக்கு ஒன்று படுகிறது. ஒரு கூலியாளின் முதுகில் அரசன் பிரம்பை ஓங்கியபோது கரையில் ஊரே மண் சுமந்துகொண்டு நின்றது. "அடிக்காதீங்க சாமி" என்று ஒருத்தரும் சொன்னதாகக் கதையில் இல்லை. அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அடி அவர்கள் பிள்ளைகள் மேலும் விழுந்தது.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். அதை மழுப்பிவிட்டுப் போனால் நான் எழுதியதற்கே மதிப்பில்லை. "மேலவளவு முருகேசன் என்ன ஆனார்?" என்று கேட்பார்கள். தனித்தொகுதியான மேலவளவு ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று, மதுரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பேருந்தை மறித்துப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். இதைவிடக் கொடிய விலை இல்லை. "என் பிள்ளை அநாதையாகணுமா?" என்று கேட்கிற தகப்பனை நான் அலட்சியப்படுத்த மாட்டேன்.

ஆனால் அந்த விலையை யார் ஏற்றினார்கள் என்று அவர் யோசிக்க வேண்டும். ஒருவன் மட்டும் எழுந்து நிற்கும்போதுதான் அவனை வெட்ட முடிகிறது. ஊரில் பாதிப் பேர் எழுந்து நின்றால் வெட்ட நினைப்பவனுக்கே பயம் வரும். ரேவதிக்குப் பக்கத்தில் ஒரு நடுவரும் ஒரு உயர் நீதிமன்றமும் நின்றதால் அவர் பேச முடிந்தது. நாம் ஒவ்வொரு தடவை ஒதுங்கும்போதும், பேசத் துணிந்த அடுத்த மனிதனைத் தனியாளாக விடுகிறோம். அந்த அடுத்த மனிதன் ஒருநாள் நம் மகளாக இருப்பாள். அலுவலகத்தில் அவளிடம் தவறாக நடந்துகொள்கிறவனைப் பற்றிப் புகார் எழுதிவிட்டு, கூட வேலை பார்க்கிறவர்களைத் திரும்பிப் பார்ப்பாள். அவர்கள் எல்லாரும் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களும் நல்ல குடும்பஸ்தர்களின் பிள்ளைகள்தான்.

எல்லாரும் தெருவில் இறங்கிக் கத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கத்துவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிள்ளை முன்னால் அத்தையிடம் மெதுவாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். பயமாக இருந்தால், "அப்பாவுக்கும் பயமாத்தான் இருந்துச்சு, ஆனா சொல்லணும்னு தோணுச்சு" என்று ராத்திரி பிள்ளையிடம் சொல்லுங்கள். சொல்ல முடியாமல் போனால் அதையும் மறைக்காதீர்கள். அடுத்த தடவை யாரோ பேசும்போது, குறைந்தபட்சம் அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறினால் உசிலம்பட்டி. அந்தப் பக்கத்து ஊர்கள் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். 1996-இல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. மற்ற சாதியினரின் எதிர்ப்பால் பத்து ஆண்டுகள் அங்கே தலைவர் என்று ஒருவர் நிலையாக உட்கார முடியவில்லை. மனுத்தாக்கல் செய்ய ஆளில்லை. ஜெயித்தால் பதவியேற்ற கையோடு ராஜினாமா. 1996-இல் பாப்பாபட்டியில் பிறந்த பிள்ளை பத்து வயது வரை பார்த்து வளர்ந்தது இதைத்தான். அந்தப் பத்து வருஷமும் அந்த ஊர்களில் இருந்த பெரியவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் நம்பவில்லை. இது சரியில்லையே என்று மனசுக்குள் நினைத்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்திருப்பார்கள். ஊர்க்கட்டுப்பாடு, பிள்ளைகுட்டி, நமக்கெதுக்கு வம்பு என்று அடங்கியிருப்பார்கள். 2006-இல் மாவட்ட ஆட்சியர் உதயசந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இரண்டு தரப்பிலும் சிலர் முன்னால் வந்தார்கள். அந்த அக்டோபரில் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியேற்றார்கள். முன்னால் வந்தவர்கள் வெளியூரிலிருந்து இறங்கியவர்கள் இல்லை. அதே ஊர்க்காரர்கள், அதே பிள்ளைகுட்டிக்காரர்கள். அவர்கள் 1996-லேயே வந்திருக்கலாம்.